ரெண்டு ரூமுக்குள் அஞ்சு வகுப்பு

நகரத்தில் இருக்கிற நம்மில் பலர் அரசுப் பள்ளிக்கூடத்துக்குள் காலடி எடுத்து வைப்பதே தேர்தல் அன்றைக்குத்தான். பூத் ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பாகம் எண் எத்தனை சார்?" என்று விசாரித்து, க்யூவில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நாம் ஓட்டுப் போட்ட அறை ஒன்றாம் வகுப்பாக இருக்கலாம். சுவரில் அம்மா, ஆடு, இலை எல்லாம் இருந்திருக்கும். யார் பார்த்தது?

அந்த ஒரு நாளுக்கு அரசாங்கம் போடும் திட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஓட்டுப் போட எவரும் முடிந்தவரை 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது. ஒரு சாவடிக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது. 1,500 என்று இருந்த அந்த உச்சவரம்பை 2025-ல் 1,200 ஆகக் குறைத்தது தேர்தல் கமிஷன். கூட்டம் அதிகமானால் உடனே சாவடியைப் பிரித்துவிடுகிறார்கள். சாய்தளம் உண்டா, குடிதண்ணீர் உண்டா, லைட் எரிகிறதா என்று முன்கூட்டியே போய்ப் பார்க்கிறார்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார், அவருக்கு எந்த அறை என்பது வரைக்கும் பட்டியல் தயார்.

வயதுக்கு வந்தவர் வருஷத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம் நிற்கப் போகிற அறைக்கு இத்தனை கணக்கு. சந்தோஷம். அதே அறையில் வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல் உட்காரப் போகிற ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன கணக்கு என்று பார்க்கப் போனேன். பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை.

*

செங்கல்பட்டு தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். குறை அந்த ஊருடையது அல்ல. 57 குழந்தைகள். தலைமை ஆசிரியையையும் சேர்த்து இரண்டே ஆசிரியைகள். இரண்டு அறைகள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு இந்த ரூமு சார். நாலு, அஞ்சு அந்த ரூமு" என்றார் தலைமை ஆசிரியை. ஏதோ ரயில் கம்பார்ட்மென்ட்டைக் காட்டுவது போல அவ்வளவு சாதாரணமாக.

"இன்னொரு டீச்சர் லீவு போட்டா?"

"ரெண்டு ரூமுக்கும் நடுவுல வாசப்படியில நின்னுப்பேன்" என்று சிரித்தார்.

முதல் அறையில் 34 குழந்தைகள். அறை 20-க்கு 20 அடி. அதாவது 400 சதுர அடி. பீரோ, மேசை, சத்துணவுத் தட்டுகள் அடுக்கிய மூலை, கதவு திறந்து மூடும் இடம் எல்லாம் போக 320 சதுர அடி தேறும். 34-ஆல் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்பதரை சதுர அடி கூட முழுசாக வராது. ஒரு ஆள் படுக்கும் பாய் 3-க்கு 6, பதினெட்டு சதுர அடி. ஆக, ஒரு குழந்தைக்குப் பாதிப் பாய்.

'உட்காரத்தானே? பாதிப் பாய் போதுமே' என்பீர்கள். கை கட்டி உட்கார வைத்த அந்தக் காலத்துக்குப் போதும். ஆனால் தமிழ்நாடு அந்தக் காலத்தைத் தாண்டி வந்து ரொம்ப நாள் ஆகிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படிப்பார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றி இருக்கும். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' இன்னும் ஒரு படி மேல். ஒன்று முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து, ஆட்டம், பாட்டு, கதை என்று சொல்லித் தருவது. கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம் என்று அறையின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வேலை.

கேட்க நன்றாக இருக்கிறது. நிஜமாகவே நல்ல முறைதான். ஆனால் ஆடிப் பாடிக் கற்றுக்கொள் என்று சொல்கிறவர்கள் ஆட இடம் கொடுக்க வேண்டாமா? பாடத்திட்டத்தை ஒரு குழு எழுதுகிறது, கட்டடத்தை வேறொருவர் கட்டுகிறார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாகவே தெரியவில்லை. நான் போன நேரத்தில் அரும்புகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. மலர்கள் காதைப் பொத்திக்கொண்டு கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

*

இது ஏதோ கவனக்குறைவு, அதிகாரிகள் கண்ணில் படாமல் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. இது சட்டப்படியே நடக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். அறைக்கு என்ன கணக்கு? ஆசிரியருக்குக் குறைந்தது ஓர் அறை. முடிந்தது. அறை எத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்று அந்த அட்டவணையில் ஒரு வார்த்தை கிடையாது.

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டன்சியில் முதல் பாடமே, எதை அலகாக வைத்து எண்ணுகிறாய் என்பதுதான். அலகு தப்பானால் கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தப்பு. இங்கே எண்ண வேண்டிய அலகு வகுப்பு. தொடக்கப் பள்ளி என்றால் ஐந்து வகுப்பு. பத்துப் பேர் படித்தாலும் ஐந்து, நூறு பேர் படித்தாலும் ஐந்து. ஆனால் சட்டம் தலையை எண்ணுகிறது. தலையை வைத்து ஆசிரியர், ஆசிரியரை வைத்து அறை. 60 தலைக்கு ரெண்டு ரூம். அந்த ரெண்டு ரூமுக்குள் ஐந்து வகுப்பு எப்படி உட்காரும் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் எழாது.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? அதே அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மட்டும் 'குறைந்தது வகுப்புக்கு ஓர் ஆசிரியர்' என்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தனி ஆசிரியரும் தனி அறையும் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பென்சில் பிடிக்கவே இப்போதுதான் பழகும் குழந்தைக்கு அது தேவைப்படாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தானாகப் புத்தகத்தைப் புரட்டிக்கூடப் படித்துக்கொள்ள முடியாத வயசுக்குத்தான் இடமும் குறைவு, ஆளும் குறைவு.

நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்வோமா? சின்னக் குழந்தைக்குத்தானே பாட்டி, அத்தை, சித்தி என்று கூட ரெண்டு பேர் வேண்டும்?

*

இந்தத் தலைக்கணக்கை எப்போது எடுக்கிறார்கள் என்பது அடுத்த கதை. பள்ளி திறப்பது ஜூனில். ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் ஆசிரியர் 'உபரி'. பணிநிரவல் என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

61 குழந்தைகள் இருக்கும் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஆசிரியருக்கு இடம் உண்டு. ஒரே ஒரு குழந்தை டி.சி. வாங்கிக்கொண்டு போகிறது. 60. இப்போது மூன்றாவது ஆசிரியர் உபரி. மீதி 60 பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர் காலி.

அந்தக் குழந்தை ஏன் டி.சி. வாங்கியது? 'ஒரே ரூம்ல மூணு கிளாஸ்' என்று பார்த்துவிட்டு, அப்பா கடன் வாங்கி, வேன் வரும் நர்சரி பள்ளியில் சேர்த்திருப்பார். இடம் இல்லாததால் குழந்தை போகிறது. குழந்தை போனதால் ஆசிரியர் போகிறார். ஆசிரியர் போனதால் இன்னும் நாலு குழந்தைகள் போகின்றன. கடைசியில், 'பார்த்தீர்களா, மக்களே அரசுப் பள்ளியை விரும்பவில்லை' என்று அறிக்கை. கடையில் சரக்கு வைக்காமல் இருந்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று ஷட்டரை இழுப்பது போல.

2019-ல் ஒரு குழந்தை கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. நூலகம் நல்லதுதான். ஆனால் அந்த 46-ம் ஒரே நாளில் காலியாகியிருக்காது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கும்.

*

'சார், ஒரு பக்கம் பள்ளி காலி, இன்னொரு பக்கம் இடம் இல்லை என்கிறீர்கள். எது உண்மை?' என்று கேட்கலாம். ரெண்டும் உண்மை. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறார்கள். அதே பஸ் மத்தியானம் ரெண்டு மணிக்குக் காற்று வாங்குகிறது. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால் எல்லோருக்கும் சீட் இருக்கிறது. தொங்கியவனுக்கு அந்தச் சராசரியால் என்ன பிரயோஜனம்?

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அப்போது கல்வியாண்டில் பாதி கூட முடியவில்லையா என்றால், பாதிக்கு மேல் முடிந்திருந்தது. முழுப் பரீட்சைக்குச் சில மாதம்தான் பாக்கி. பழைய பள்ளிக்கூடம் நகரத்துக்குள், வீடு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே போய்வந்த பிள்ளைகள் உண்டு. படிப்பையே விட்ட பிள்ளைகளும் உண்டு.

வீட்டைக் கட்டியது அன்றைய குடிசை மாற்று வாரியம். பள்ளிக்கூடம் கல்வித் துறை. எத்தனை வீடு, எந்த மாதம் சாவி என்பது வாரியத்தின் ஃபைலில் இருந்தது. 20 ஆயிரம் வீட்டுக்கு எத்தனை ஒன்றாம் வகுப்பு வேண்டும் என்று கணக்குப் போட ஐ.ஏ.எஸ். படிக்க வேண்டியதில்லை. அந்த ஃபைல் இந்த மேசைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

கிராமத்திலும் இதே கதை. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறை. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதாவது ஊரக வளர்ச்சித் துறை. பக்கத்திலேயே இருக்கும் அங்கன்வாடி சமூக நலத் துறை. ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று ராஜ்ஜியம்.

இந்த மூன்று ராஜ்ஜியத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவை எல்.கே.ஜி. குழந்தைகள். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் ஆசிரியர்களை ஏற்கெனவே இருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிலிருந்து இழுத்தார்கள். 2022 ஜூனில் அவர்களைத் திரும்பப் பள்ளிக்கே அழைத்துக்கொள்ள, 'எல்.கே.ஜி. மூடப்படுகிறது' என்று பெற்றோர் கொதித்தார்கள். சில நாளில், 'இல்லை, தொடரும். தற்காலிக ஆசிரியர்கள் வருவார்கள்' என்று அரசு அறிவித்தது. தொடர்ந்தது நல்லது. ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் வகுப்பு இருக்குமா இருக்காதா என்பதே இப்படி ஊசலாடினால், அதற்கு ஓர் அறை கட்ட எந்தத் துறை முன்வரும்?

*

நாம் திட்டமே போடுவதில்லை என்று சொல்லமாட்டேன். போடுகிறோம், விபத்துக்குப் பிறகு.

2004 ஜூலை 16. கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள். கூரையில் தீ. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிகளின் ஓலைக் கூரைகளை அகற்றினோம். 'கூரை' என்றே அதை ஞாபகம் வைத்திருக்கிறோம். அத்தனை குழந்தைகளை அந்த இடத்துக்குள் அடைத்து வைத்திருந்தோம் என்பதை மறந்துவிட்டோம்.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலி. உடனே மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு. இடித்தது சரி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இடிக்க ஒரு நாள் போதும், கட்ட? வராந்தாவிலும் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் குழந்தைகள் உட்கார்ந்த படங்களை அடுத்த மாதங்களில் நாம் எல்லோரும் பேப்பரில் பார்த்தோம். 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு 7,000 கோடி. சின்னத் தொகை அல்ல. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஐந்து வருஷம் என்பது முழுத் தொடக்கக் கல்வி. கட்டடம் வரும்போது அது ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

*

இதற்கு அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. 'பிறப்பு விகிதம் குறைகிறது. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைதான். இன்றைக்குக் கட்டினால் நாளைக்குக் காலியாக இருக்கும்.'

எண் சரி. முடிவுதான் தப்பு. குழந்தைகள் மாநிலம் முழுக்கச் சமமாகக் குறைவதில்லை. திருப்பூரிலும் ஓசூரிலும் சென்னையின் விளிம்பிலும் வேலை தேடி வரும் குடும்பங்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டுதான் வருகின்றன. குறைகிற ஊரில்? அங்கேதான் நமக்கு முதல்முறையாக ஒரு வாய்ப்பு. இத்தனை வருஷம் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்ததால் வகுப்புக்கு ஓர் அறை தர முடியவில்லை என்றோம். இப்போது தரலாமே! கூட்டம் குறைந்தால் மீதிப் பேர் தாராளமாக உட்கார வேண்டும். அதற்குப் பதில் கல்யாண வீட்டில் கூட்டம் குறைவு என்று பந்தியையே எடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று. அரசாங்கத்துக்கு வரப்போகும் செலவுகளிலேயே ஒன்றாம் வகுப்புச் செலவு போல முன்கூட்டித் தெரிகிற செலவு வேறு இல்லை. வெள்ளம் எப்போது வரும் என்று தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு யார் வருவார் என்று ஐந்து வருஷம் முன்பே தெரியும். தாய் கர்ப்பமானதுமே சுகாதாரச் செவிலியர் பதிந்து 'பிக்மி' எண் கொடுத்துவிடுகிறார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் அலைய விடுகிறார்கள். அப்புறம் தடுப்பூசி. அப்புறம் அங்கன்வாடிப் பதிவேடு. போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாக வந்து, விடுபட்ட ஒரு குழந்தையைக்கூடத் தேடிப் பிடிக்கத் தெரிந்த அரசாங்கம் இது. அதே குழந்தை ஐந்து வயதில் பள்ளி வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் 'அடடே, வந்துட்டியா?' என்று திகைப்பது ஏன்?

நான் கேட்பது மூன்று விஷயங்கள்.

ஒன்று, தொடக்கப் பள்ளிக்கும் வகுப்பை அலகாக வையுங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர், ஓர் அறை. மத்திய சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் காலைச் சிற்றுண்டியையும் முந்திக்கொண்டு கொடுத்துக் காட்டிய மாநிலம் இதிலும் முந்தலாம். முடியாத ஊரில் ஒன்றும் ரெண்டும் மட்டுமாவது தனி அறையில் உட்காரட்டும்.

ரெண்டு, ஆகஸ்ட் 1 தலைக்கணக்கோடு, அந்த வட்டாரத்தில் கடந்த ஐந்து வருஷப் பிறப்புக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு வருஷம் எண்ணிக்கை குறைந்தது என்று ஆசிரியரைத் தூக்காதீர்கள். மூன்று வருஷம் பாருங்கள்.

மூன்று, ஆயிரக்கணக்கில் வீடு கட்ட அனுமதி தரும்போதே, அரசு கட்டினாலும் சரி, தனியார் கட்டினாலும் சரி, அறை எங்கே என்று கேளுங்கள். பெரிய மனைப்பிரிவு போட்டால் பூங்காவுக்கு 10 சதவீத இடம் என்று வாங்கத் தெரிந்த நமக்கு, பள்ளிக்கூடத்துக்கும் கேட்கத் தெரிய வேண்டும். கடைசி வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் முதல் வகுப்பறைச் சாவி தலைமை ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

*

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடப் போகும்போது க்யூ மெதுவாகத்தான் நகரும். அந்த நேரத்தில் அறையைச் சுற்றிப் பாருங்கள். நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி என்று காலடியால் அளந்து பாருங்கள். இங்கே எத்தனை வகுப்பு உட்காருகிறது என்று வாசலில் இருப்பவரைக் கேளுங்கள். தேர்தல் வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள்தான், சொல்வார்கள்.

வெளியே வந்ததும் வேட்பாளரின் ஆள் கும்பிடு போடுவார். அவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 1,200 பேருக்கு மேல் ஒரு சாவடியில் நிற்கக் கூடாது என்பது எங்களுக்காக. இந்த அறைக்குள் ஒரு வகுப்புக்கு மேல் உட்காரக் கூடாது என்பது யாருக்காக, எப்போது என்று கேளுங்கள்.

குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் அறையில் நின்றுதான் நாம் போடுகிறோம்.